குடை நுனியால் சாத்திய கதவு

மத்தியானம் மூன்று மணி நாற்பது நிமிஷத்துக்கு, குடையின் நுனியால் ஒரு கதவைத் தள்ளிச் சாத்தினேன். நேரம் எனக்கு நிச்சயமாகத் தெரியும். நாலு மணிக்குக் குழந்தைக்குக் கஷாயம் கொடுக்க வேண்டும் என்பதற்காக அப்போதுதான் சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்திருந்தேன். ஐப்பசி மாதம். கடல் பக்கமிருந்து காற்று எழும்பி, வீட்டின் பின்புறத்தில் அந்தச் சிறிய கதவைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. அதை நான் கையால் தொடவில்லை. குடையால் தள்ளினேன், குடையாலேயே கொக்கியைத் தூக்கி வளையத்தில் மாட்டினேன். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. ஒரு குரல் கொடுக்கவில்லை. பெரிய பெரிய துளியாக மழை விழ ஆரம்பித்ததால் முன்பக்கம் ஓடிவிட்டேன்.

இது நடந்து எட்டு வருஷமாகிறது. சாத்தியது யார் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது மாம்பலத்தில், ஏரியைத் தூர்த்துப் போட்ட மனைகளில் ஒன்றில், அக்காவின் வீட்டை ஒட்டி ஒரு சின்ன வீட்டில் இருக்கிறேன். உள்ளே ஆள் இருக்கிறதா என்று கேட்காமல் எந்தக் கதவையும் நான் சாத்துவதில்லை. அலமாரிக் கதவைச் சாத்தும்போதுகூட வாய் தானாகக் கேட்டுவிடுகிறது. "ஏண்டா, உப்பு ஜாடி பதில் சொல்லட்டும்னு நிக்கறயா?" என்பாள் அக்கா. சொல்லிவிட்டு, சொன்னதற்காக வருந்துகிறவள்போல உள்ளே போய்விடுவாள்.

அந்த வீடு அடையாற்றின் கரையில் இருந்தது. வெள்ளைக்காரர்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட தோட்ட வீடுகளில் ஒன்று. வீடு, நிலம் விற்றுக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் நான் படம் வரைகிறவன். சொந்தக்காரத் துரை வயதாகிச் சீமைக்கே போய்விட்டார். தோட்டத்தை மனைகளாகப் பிரித்து விற்பதாக ஏற்பாடு. அதுவரைக்கும் யாராவது அங்கே குடியிருந்து, அறை அறையாக அளந்து படம் போட்டு, கதவு ஜன்னல்களைப் பட்டியலிட்டு ஜாபிதா எழுத வேண்டும். ஆபீசில் மற்றவர்கள் எல்லோரும் நழுவிவிட்டார்கள். நான் ஒப்புக்கொண்டேன்.

அப்போது நாங்கள் மயிலாப்பூரில், குளத்துக்கு மேற்கே ஒரு சந்தில், நாலு குடித்தனங்களுக்கு நடுவே ஒரு குடித்தனமாக இருந்தோம். நாங்கள் என்றால் நானும் என் பெண்ணும். அவளுக்குப் பத்து வயது. அவள் அம்மா போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. குழந்தைக்கு மூச்சிழுப்பு உண்டு. அடுப்புப் புகையும் ஈரச் சுவரும் ஆகாது, கடல்காற்று படும் இடமாகப் பாருங்கள் என்று டாக்டர் சொன்னார். அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை நான் டாக்டரிடம் சொல்லவில்லை. அந்தச் சந்தில் குழந்தை தும்மினால் சுவருக்கு அந்தப்புறத்திலிருந்து ஒரு மாமி "நூறு" என்பாள். மாடியிலிருந்து இன்னொருத்தி "நூறாயுசு" என்பாள். சொல்லிவிட்டு, "தாயில்லாக் கொழந்தை, பாவம்" என்று தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். அதுவும் சுவர் வழியாகக் கேட்கும். என்னால் அதைத் தாங்க முடியவில்லை. யாருமில்லாத இடத்துக்குப் போனால் போதும் என்றிருந்தது.

அப்படிப்பட்ட இடம்தான் கிடைத்தது.

தொழில் காரணமாக நான் பழைய வீடுகள் பலவற்றை அளந்திருக்கிறேன். சாந்தோமில் போர்ச்சுக்கீசியப் பறங்கிகள் காலத்து வீடுகளில் வாசற்கதவு தெருவிலேயே திறக்கும். ஜன்னலில் உட்கார்ந்தால் போகிறவன் வருகிறவனோடு பேசலாம். இங்கிலீஷ்காரர்கள் கட்டியது வேறு மாதிரி. அவர்களுக்கு முதலில் தூரம் வேண்டும். கேட்டிலிருந்து வீட்டுக்கு வர ஐந்து நிமிஷம் நடக்க வேண்டும். சமையலறை வீட்டோடு சேர்ந்திராது. புகையும் வாசனையும் வரக்கூடாதென்று தனியாக ஒரு கொட்டடியில், கூப்பிட்டால் கேட்காத தொலைவில் இருக்கும். வேலைக்காரர்கள் குடியிருக்கும் வரிசை அதற்கும் அப்பால். கூரையில் தொங்கும் பங்கா விசிறியை இழுக்கிறவனை அறைக்கு வெளியே உட்காரவைத்து, கயிறு மட்டும் உள்ளே வருவதற்குச் சுவரில் ஓட்டை போட்டிருப்பார்கள். அந்த ஓட்டைகளின் வழியாக இப்போது காற்று விசில் அடித்தது.

பதினான்கு அறைகளில் நாங்கள் இரண்டில் இருந்தோம். கீழே ஒரு மூலை அறையில் நான் சமைத்தேன். மாடியில் ஒரு படுக்கையறையில் தூங்கினோம். விட்டம் அவ்வளவு உயரத்தில் இருந்தது. மேஜை விளக்கின் வெளிச்சம் அங்கே எட்டாது. சுவர்கள் பளிங்குபோல வழவழவென்று இருக்கும். சுண்ணாம்பில் முட்டையின் வெள்ளைக்கருவைக் கலந்து, நாள்கணக்காகத் தேய்த்துப் பூசியவை. ஒரு தடவை வந்த அக்கா இதைக் கேட்டதும் கூடத்தின் நடுவே, எதிலும் படாமல், புடவையை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "ஏண்டா, தூண்ல சாஞ்சாக்கூட ஸ்நானம் பண்ணணும்போல இருக்கே! கோழி அடைகாத்த ஆத்துலயா குடியிருக்கே?" என்றாள். குழந்தை விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அக்கா போன பிறகு, "சுவர்ல சாயாதே" என்று குழந்தையிடம் சொன்னதும் நான்தான்.

வாசலில் ஒரு காவல்காரர் இருந்தார். சாந்தோம் குப்பத்துக்காரர், கழுத்தில் மாதா பதக்கம் தொங்கும். கட்டுமரத்திலிருந்து விழுந்து இடுப்பு பிசகியதால் கடலுக்குப் போவதை விட்டுக் காவலுக்கு வந்தவர். "ரெண்டே பேரு, இம்மாம் பெரிய வூடு. ஒர்த்தர ஒர்த்தர் பாக்கணும்னா கார்டு போட்டுத்தான் வரவய்க்கணும் போல கீதே ஐயரே" என்று முதல் நாளே சொன்னார்.

வாரத்தில் இரண்டு நாள் நான் ஆபீசுக்குப் போய்விடுவேன். மற்ற நாட்களிலும் அளவுச் சங்கிலியும் நோட்டுமாக எங்காவது ஒரு மூலையில் இருப்பேன். இழுப்பு காரணமாகக் குழந்தையின் பள்ளிக்கூடத்தை நிறுத்தியிருந்தேன். அவள் அறை அறையாகச் சுற்றுவாள். சில சமயம் தூரத்தில் எங்கோ அவள் தும்முவது கேட்கும். யாரும் "நூறு" என்று சொல்வதில்லை. எனக்குச் சொல்லத் தோன்றும். ஆனால் அந்தத் தூரத்துக்குக் கத்திச் சொன்னால் அது ஆசீர்வாதமாக இருக்காது.

இனிக் கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாடியில் எங்கள் படுக்கையறையை ஒட்டி ஒரு குளியலறை. அதன் வெளிச்சுவரில் இன்னொரு கதவு. அதைத் திறந்தால், வீட்டின் முதுகில் ஒட்டவைத்த குழல்போன்ற ஒரு வட்டக் கூண்டு. அதற்குள் குறுகலாகச் சுற்றிச் சுற்றிக் கீழே இறங்கும் படிகள். தரைமட்டத்தில் வெளியே போக ஒரு சின்னக் கதவு. துரைமார் வீடுகளில் எல்லாம் இது உண்டு. குளியலறைப் பானையை எடுத்துக் கழுவ வருகிறவர்கள் வீட்டுக்குள் யார் கண்ணிலும் படாமல் வந்துபோவதற்கான வழி. தோட்டிப் படி என்று சொல்வார்கள். வீட்டில் கதவுகளுக்கெல்லாம் நான் எண் போட்டேன், முப்பத்தெட்டு. அந்தக் கூண்டின் மேல்கதவுக்கும் கீழ்க்கதவுக்கும் போடவில்லை. படத்தில் ஒரு வட்டம் மட்டும் போட்டு, வெளியே நின்று உயரத்தைக் கணக்கிட்டு 'படிகள் இருபத்திரண்டு' என்று எழுதினேன். உள்ளே நான் கால் வைத்ததில்லை. எங்களைப் போன்ற யாரும் வைக்கமாட்டார்கள்.

குழந்தை உடம்புக்காக அந்தக் குளியலறையை நாங்கள் பயன்படுத்தினோம். தினம் காலையில் ஒரு தெலுங்குக்காரப் பெண்மணி அந்தப் படி வழியாக வந்து கழுவிவிட்டுப் போவாள். துரை காலத்திலிருந்தே வருகிறவள். திருவான்மியூர் போகிற சாலையில் குடிசை. ஐந்து மாதம் வந்தாள். அவள் முகத்தை நான் பார்த்ததில்லை. அதற்காகத்தானே அந்தப் படி.

ஒரு காலை, படுக்கையறையில் அளந்துகொண்டிருந்தேன். குளியலறையிலிருந்து குழந்தையின் தும்மல் கேட்டது. அடுத்த கணம் ஒரு குரல்:

"சிரஞ்சீவி, சிரஞ்சீவி!"

மறுபடி தும்மினாள்.

"இன்னொரு சிரஞ்சீவி. போதும் பாப்பா, நான் ஒரு நாளைக்கி ரெண்டுதான் தருவேன்."

குழந்தை சிரித்தாள். நான் ஓசைப்படாமல் எட்டிப் பார்த்தேன். குழந்தை வெளிக்கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். கதவில் சாய்வாக அடுக்கிய பலகைகள். நடுவில் விரல் நுழையும் இடைவெளி. அந்தப் பக்கம் மேல்படியில் அவளும் அதேபோல் முதுகைச் சாய்த்திருக்க வேண்டும்.

"இன்னிக்கு இன்னா கொயம்பு?"

"பருப்புத் துவையலும் மிளகு ரசமும்."

"நேத்திக்கும் அதானே சொன்ன? உங்க நைனாவுக்கு வேற ஒண்ணும் வராதா? துன்னுத் துன்னு உன் நாக்கு செத்தே பூடும்."

"அப்பாவுக்கு அப்பளம் சுடத் தெரியும்."

"அடேங்கப்பா!"

கல்லால் எதையோ தட்டும் சத்தம். பலகை இடுக்கு வழியாக வாதாங்கொட்டைப் பருப்பு ஒன்று உள்ளே வந்தது. குழந்தை அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். பழகிய கை. எத்தனை மாதமாகவோ.

நான் குழந்தையை அடிக்கவில்லை. அந்த வேளையிலேயே தலைக்கு ஸ்நானம் செய்யவைத்தேன். இழுப்புக்காரக் குழந்தைக்குப் பச்சைத் தண்ணீரில். அன்றே மேல்கதவுக்குக் குறுக்கே ஒரு கட்டையைப் போட்டேன். தோட்டத்தின் கோடியில் ஓலைத் தடுப்பு வைத்து வேறு ஏற்பாடு செய்தேன். அதற்கு வேறு ஆள். "இனிமே இந்தப் பக்கம் வரவேண்டாம்னு அவகிட்டச் சொல்லிடு" என்று காவல்காரரிடம் சொன்னேன். "சொல்லிட்றேன் ஐயரே. அது ஒண்ணும் சொல்லாது. இருக்கறதே தெரியாம இருந்த பொம்பள" என்றார் அவர். மூன்று வாரம் குழந்தை அதைப் பற்றிப் பேசவேயில்லை என்பதை நல்ல குணம் என்று எடுத்துக்கொண்டேன்.

குடையால் கதவைச் சாத்திய அன்று சனிக்கிழமை. நாலு மணிக்குக் கஷாயத்தை ஆற்றி எடுத்துக்கொண்டு "கொழந்தே!" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. மழைச் சத்தத்தில் கேட்கவில்லை என்று நினைத்தேன். மாடிக்குப் போய்க் கூப்பிட்டேன். கால் மணி நேரத்தில் என் குரல் மாறிவிட்டது. "எங்கே போய்த் தொலைஞ்சே? இப்போ வரலேன்னா முதுகுத் தோல் பிஞ்சுடும்!" என்று கத்தினேன். வீட்டின் ஒவ்வொரு கூடமும் அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தது.

பிறகு என் ஜாபிதாவை எடுத்துக்கொண்டேன். ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்கினேன். முப்பத்தெட்டுக் கதவுகளையும் திறந்து பார்த்தேன். துரை விட்டுப்போன பீரோக்களைத் திறந்தேன். குளியலறையிலும் பார்த்தேன்; குறுக்குக்கட்டை போட்டது போட்டபடி இருந்தது. திரும்பிவிட்டேன்.

தோட்டத்தின் முடிவில் ஆறு. துரைமார் படகு ஏறுவதற்காகக் கட்டிய கல்படிகள் அங்கே இறங்கும். நேற்று எட்டுப் படி தெரிந்தது, இன்று இரண்டு. தண்ணீர் செம்மண் நிறத்தில், கிளைகளையும் நுரையையும் சுமந்துகொண்டு கடலைப் பார்த்துப் போயிற்று. கையிலிருந்த குடையை விரிக்க மறந்து அந்தப் படியில் நின்றேன்.

காவல்காரர் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நொண்டியபடி வந்தார். "இன்னா ஐயரே, மழைல நனைஞ்சிக்கினு?"

"கொழந்தையைக் காணோம்."

"கேட்டத் தாண்டி வர்ல. நான் எங்கயும் நவுர்ல." ஆற்றைப் பார்த்தார். பதக்கத்தைத் தொட்டுக்கொண்டார். "வூட்ல நல்லாப் பாத்தியா?"

"எல்லாக் கதவும் பார்த்தாச்சு."

"பின்னால கூண்டு?"

"அங்கே எதுக்குப் போறா? எங்காத்துக் கொழந்தை அந்த எடத்துக்கெல்லாம் போகமாட்டா." கோபமாகவே சொன்னேன், அவர் ஏதோ தகாததைச் சொல்லிவிட்டதுபோல. "வெளியிலே கொக்கி போட்டிருக்கு, வரும்போது பார்த்தேன். உள்ளே எப்படி இருப்பா?"

"அதுவும் சர்தான்" என்றார் அவர்.

வெளியே கொக்கி போட்டிருந்தால் உள்ளே ஆள் இல்லை. சரியான நியாயம். அந்தக் கொக்கியைப் போட்டவன் நான் என்பது அப்போது நினைவிலேயே இல்லை. கை படாத காரியம் மனதிலும் படவில்லை.

"ஊரூர் குப்பத்துல எனக்குத் தெரிஞ்சவங்க கீறாங்க. வலையோட கூட்டியாரேன். ஆறு இஸ்துக்கினு பூட்டிருந்தா மொகத்துவாரத்துல..." சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு, "வந்துருவா ஐயரே. எங்கனா மரத்தடில ஒண்டிக்கினு இருப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு அந்த நிலத்தில் நான் ஒருவன்தான். போர்ட்டிகோவின் கீழ் நின்றேன். ஒரே சமயத்தில் இரண்டு கோச் வண்டிகள் நிற்கக்கூடிய போர்ட்டிகோ. தூண்களில் தண்ணீர் வழுக்கிக்கொண்டு இறங்கியது. பக்கத்து வீட்டுக்கு ஓடலாம் என்றால், அதுவும் இதேபோல் ஒரு தோட்டத்துக்கு நடுவே, மரங்களுக்குப் பின்னால். கத்தினால் கேட்காது. மயிலாப்பூர்ச் சந்தாக இருந்தால் இந்நேரம் நாற்பது பேர் கூடியிருப்பார்கள். குளத்தில் பாதிப் பேர் இறங்கியிருப்பார்கள். ஒரு மாமி என் கையில் காப்பியைத் திணித்து, "ஒண்ணும் ஆகாது" என்று பொய் சொல்லியிருப்பாள். அந்தப் பொய்யிலிருந்துதானே ஓடிவந்தேன். ஈரத்தில் எனக்குத் தும்மல் வந்தது. கூடத்துக்குள் போய் அது நாலு தடவை எதிரொலித்து அடங்கியது.

விளக்கு வைக்கும் நேரம் ஆயிற்று. மாடிக்குப் போனேன், ஆறு தெரியும் என்பதற்காக. ஒன்றும் தெரியவில்லை, மழைதான். நனைந்த குடையை மூலையில் சாத்திவிட்டுக் குழந்தையின் படுக்கையில் உட்கார்ந்தேன். கஷாயம் ஜன்னல் திட்டில் ஆடை படிந்து இருந்தது. அவள் அம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன். அந்த அம்மாவே இல்லை என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது.

அப்போது தட்டும் ஓசை கேட்டது. வாசலிலிருந்து அல்ல, வீட்டுக்குள்ளிருந்து, குளியலறையின் பக்கமிருந்து. பலகையில் உள்ளங்கையால் அறைவதுபோல.

"சாமி! கதவத் தொற சாமி! சீக்கிரம்!"

குறுக்குக்கட்டை மழை ஈரத்தில் உப்பிப் பிடித்துக்கொண்டிருந்தது. தோளால் மோதி அதைக் கழற்றினேன். கதவு திறந்தது.

மேல்படியில் அந்தப் பெண்மணி நின்றிருந்தாள். முழுக்க நனைந்திருந்தாள். அவள் இடுப்பில் என் பெண், பத்து வயதுப் பெண், கைக்குழந்தைபோலக் கால்களைத் தொங்கவிட்டு, முகத்தை அவள் கழுத்தில் புதைத்திருந்தாள். ஒவ்வொரு மூச்சும் விசில் அடித்துக்கொண்டு போய் வந்தது. போய் வந்தது. உதடு நீலமாக இருந்தது. அந்தப் பெண்மணியின் ஒரு கை நிறுத்தாமல் அவள் முதுகைத் தடவிக்கொண்டேயிருந்தது.

மற்றதெல்லாம் பின்னால் தெரிந்தது. காவல்காரர் சாலையில் அவளைப் பார்த்து, "ஐயர் வூட்டுக் கொயந்த ஆத்தோட பூட்ச்சி" என்றிருக்கிறார். அவள் ஆற்றுப் பக்கம் போகாமல் நேரே கூண்டுக்கு ஓடிவந்திருக்கிறாள். அந்த வீட்டில் குழந்தை எங்கே இருப்பாள் என்று தெரிந்த ஒரே ஆள். நான் கதவைச் சாத்தியபோது குழந்தை மேல்படியில், வழக்கமான இடத்தில், பலகையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாளாம். எதற்காகப் போனாள் என்று உடம்பு தேறிய பிறகு கேட்டேன். "சும்மாத்தான் அப்பா. அங்கேதான் யாராவது பேசுவா" என்றாள். நான் கூப்பிட்டது எல்லாம் கேட்டதாம். முப்பத்தெட்டுக் கதவுகளைத் திறந்தது கேட்டதாம். குளியலறைக்குள் வந்து நின்று திரும்பியபோது, பலகைக்கு இந்தப்புறம் என் வேஷ்டிகூடத் தெரிந்ததாம். "ஏன் குரல் கொடுக்கல்லே?" என்றேன். "நீ கோவமாக் கூப்பிட்டே. அங்கே இருக்கேன்னு தெரிஞ்சா மறுபடியும் தலையிலே தண்ணி கொட்டுவே. அப்புறம் பயந்துபோய்க் கூப்பிட்டே. அப்போ எனக்கு மூச்சு வரல்லே." இன்னொன்றும் சொன்னாள். "படி இருபத்திரண்டு இல்லேப்பா. இருபத்தாறு."

ஆனால் அந்த நிமிஷத்தில் எனக்கு இதெல்லாம் தெரியாது. திறந்த கதவின் முன் கைகளை நீட்டிக்கொண்டு நின்றேன். குழந்தையின் விரல்கள் அவள் புடவைத் தலைப்பை விடவில்லை. ஒவ்வொன்றாக அவள்தான் பிரித்துவிட்டாள். நிலைப்படியைத் தாண்டி அவள் கால் வைக்கவில்லை. உடம்பை மட்டும் வளைத்துக் குழந்தையை என் கைகளில் வைத்தாள். அவள் கை என் கையில் பட்டது. சில்லென்று, சொரசொரப்பாக இருந்தது. ஐந்து மாதத்தில் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தேன். குழந்தை கிடைத்த சந்தோஷம் அதில் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. பயந்துபோயிருந்தாள். என் முகத்தையும், எனக்குப் பின்னால் மூலையில் சாத்தியிருந்த குடையிலிருந்து தரையில் ஓடிய தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

குடையைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டேன். அவள்தான் பேசினாள், குழந்தையை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல மெதுவாக.

"கீய்க்கொக்கிய நான் போடல சாமி. எல்லம்மா மேல ஆணயா நான் போடல. நீ வராதன்னு சொன்னதுலேர்ந்து இந்தப் பக்கமே வர்ல. காத்துதான் போட்டிருக்கும் சாமி."